கைப்பிடி வைக்காத ஜாடி

எழிலரசியின் மண்பாண்டப் பட்டறையில் வயதில் மூத்த மாணவர் கோதண்டபாணி. ஆசிரியைக்கு முப்பத்து நான்கு வயது, அவருக்கு அறுபத்து மூன்று. முப்பது வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூடச் சக்கரத்தின் முன் உட்கார்ந்ததில்லை. மூன்று மாதமாக அவர் செய்ததெல்லாம் கைப்பிடி மட்டும்தான்.

மண்ணை நீளமாக இழுத்து, வளைத்து, பலகையில் வரிசையாக வைப்பார். சாயங்காலம் அத்தனையையும் உருட்டித் தொட்டியில் போட்டுவிட்டுப் பஸ் பிடிக்கப் போவார்.

"ஊர்ல இருக்கற கப்புக்கெல்லாம் கைப்பிடி சப்ளை நீங்கதானா சார்?" என்று கூடப் படிக்கிற பெண்கள் சீண்டுவார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

எழிலரசி ஒன்றும் கேட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, துண்டில் சுற்றிய எதையோ இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

"பஸ்ஸுல உட்கார இடமில்ல. கம்பியைப் பிடி, கம்பியைப் பிடின்னு கண்டக்டர் கத்தறான். எந்தக் கையால பிடிக்கறது?"

துண்டைப் பிரித்தார். ஒரு ஜாடி. சுடாத மண், காய்ந்து வெளுத்திருந்தது. வாய் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. வயிற்றைச் சுற்றி விரல் தடங்கள். கைப்பிடி இல்லை.

எழிலரசி கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

அது எட்டு மாதத்துக்கு முன் இதே பட்டறையில், ஜன்னலோரச் சக்கரத்தில் வேதவல்லி செய்தது. வேதவல்லி கோதண்டபாணியின் மனைவி. வீட்டில் காட்ட வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை ஈரத்துணி சுற்றி எடுத்துப்போனார். திங்கட்கிழமை கைப்பிடி வைப்பதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் மாரடைப்பு வந்து போய்விட்டார்.

"இதுக்குக் கைப்பிடி வைக்கணும் டீச்சர்," என்றார் கோதண்டபாணி.

பையிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். பக்கம் பக்கமாகக் கட்டம் கட்டியிருந்தது. விளக்கம், வேகம், வெளிச்சம், கை தெரிகிறதா, கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்களா. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் மதிப்பெண்.

"நூத்திப் பதினேழு வீடியோ பார்த்துட்டேன். காய்ஞ்ச மண்ணுல கைப்பிடி ஒட்டறதுக்கு மூணுதான் தேறிச்சு. முதலாவது வினிகர் தடவச் சொல்றான், எழுபத்தி நாலு மார்க். ரெண்டாவது களிமண்ணுல காகிதக் கூழ் கலந்து ஒட்டச் சொல்றா, எழுபத்தி ஒண்ணு. மூணாவது ஆள், சுட்டுட்டு அப்புறமா பசை போடுங்கறார். அறுபத்தி எட்டு."

"ம்."

"மூணு பேரும் மூணு விதமாச் சொல்றாங்க. என்கிட்ட இருக்கறது ஒரு ஜாடி. எதை நம்பறது? நீங்க சொல்லுங்க."

எழிலரசி அலமாரியின் மேல்தட்டிலிருந்து இரண்டு கோப்பைகளை இறக்கினாள். அவையும் சுடாதவை. ஜாடியைப் போலவே வெளுத்துக் காய்ந்திருந்தன.

"ஒண்ணுல முதல் வீடியோப்படி வைங்க. இன்னொண்ணுல ரெண்டாவது."

"நான் கேட்டது ஜாடிக்கு."

"முதல்ல இதுல வைங்க சார்."

அவர் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் செய்தார். கீறல் போட்டார். வினிகர் தடவினார். அடுத்ததற்குக் கூழைக் குழைத்தார். மூன்று மாதப் பழக்கம் வீண்போகவில்லை. இரண்டு கைப்பிடியும் கரும்பலகையில் வரைந்த வளைவு போல அழகாக உட்கார்ந்தன. ஒட்டிய இடமே தெரியவில்லை.

"ஒட்டிருச்சு டீச்சர்!" அவர் குரல் அந்தப் பட்டறையில் அப்படி உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஜாடி இங்கேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை வாங்க."

வெள்ளிக்கிழமை பட்டறை திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நின்றார். புதுச் சட்டை போட்டிருந்தார். கோப்பைகளில் கைப்பிடிகள் வைத்தது வைத்தபடியே இருந்தன.

"பார்த்தீங்களா? ஜாடியை எடுங்க."

"தூக்குங்க," என்றாள் எழிலரசி.

முதல் கோப்பையின் கைப்பிடியில் இரண்டு விரலை நுழைத்துத் தூக்கினார். கைப்பிடி மட்டும் வந்தது. கோப்பை பலகையிலேயே இருந்தது.

இரண்டாவது கோப்பை ஒரு சாண் உயரம் வரை வந்தது. பிறகு விழுந்து உடைந்தது.

அவர் இரண்டு கைப்பிடிகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வீடியோல ஒட்டிச்சே."

"போட்டுப் பாருங்க. எங்க தூக்கறாங்கன்னு காட்டுங்க."

போட்டார். முதல் வீடியோவில் அந்த இளைஞன் கோப்பையைப் பலகையோடு சுற்றிக் காட்டிவிட்டு, கும்பிட்டு முடித்துக்கொண்டான். இரண்டாவதில் ஒட்டிய இடத்தை நெருக்கத்தில் காட்டினார்கள், பாட்டு வந்தது, முடிந்தது. மூன்றாவதில் ஜாடிக்குள் நான்கு பூவைச் செருகி ஜன்னலில் வைத்திருந்தார்கள்.

பின்னால் நகர்த்தி மறுபடியும் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார்.

"யாரும் தூக்கல," என்றார்.

நோட்டைத் திறந்தார். நூற்றுப் பதினேழு வரிசை இருந்தது. தூக்கிக் காட்டினார்களா என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. மூடி வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

ஜாடியைப் பார்த்தார்.

"இதுக்குக் கைப்பிடி எப்ப வச்சிருக்கணும்?"

"ஜாடியும் கைப்பிடியும் ஒரே ஈரத்துல இருக்கும்போது வைக்கணும் சார்."

"பத்து நாள் ஈரத்துணியோட, பிளாஸ்டிக் கவருக்குள்ள இருந்துச்சு. எனக்கு அதைப் பார்க்க முடியல. பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். அதுக்குள்ள கொண்டுவந்திருந்தா?"

எழிலரசி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வச்சிருக்கலாம்."

அவர் தலையாட்டினார். தப்புக் கணக்குக்குச் சரியான விடையைக் கேட்டுக்கொண்ட மாதிரி.

"போன ஈரம் திரும்ப வராதா?"

அவள் உடைந்த கோப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். சிறுசிறு குமிழிகள் கிளம்பின. ஓரங்கள் செதில் செதிலாக உதிர்ந்தன. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது துண்டாக இல்லாமல் போய் அடியில் சேறாகப் படிந்தது.

"இப்படித்தான் வரும். அதே மண்ணுல புதுசா ஒரு ஜாடி செஞ்சு, கைப்பிடியும் வச்சுச் சுடலாம்."

"இந்தத் தடமெல்லாம்?"

"இருக்காது."

"இப்படியே சுட்டா?"

"தடம் இருக்கும். அதுக்கப்புறம் எதையும் மாத்த முடியாது. பசை போட்டு ஒட்டினா, ஜன்னல்ல வைக்கலாம். அவ்வளவுதான்."

கோதண்டபாணி எழுந்து ஜாடியை எடுத்துக்கொண்டார்.

"அன்னைக்குச் சாயங்காலம் அவ இதை மேசையில வச்சுட்டு, எப்படி இருக்குன்னு கேட்டா. கைப்பிடி இல்லாத ஜாடிக்கு அம்பது மார்க்தான், மீதி அம்பது திங்கட்கிழமைன்னேன். 'போங்க, கஞ்ச வாத்தியாரே'ன்னு சொல்லிட்டு அடுக்களைக்குப் போயிட்டா. சிரிச்சுட்டுப் போனாளா, வருத்தப்பட்டுப் போனாளான்னு நான் திரும்பிப் பார்க்கல." ஜாடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். "அதைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா டீச்சர்?"

"அதுக்கப்புறம் அவங்க வரலையே சார்."

அது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கேட்டுவிட்டார்.

தொட்டியருகே போனார். ஜாடியைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். கலங்கிய நீரில் அதன் நிழல் ஆடிக்கொண்டிருந்தது. அவர் கட்டைவிரல் வயிற்றில் இருந்த ஒரு தடத்தைத் தேடிப்போய் உட்காரப் பார்த்தது. உட்காரவில்லை. அந்தத் தடம் அவர் விரலுக்குச் சின்னதாக இருந்தது.

வெளியே பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். உள்ளே பார்த்ததும் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

"கைப்பிடி இல்லாம இதை எப்படித் தூக்கறது டீச்சர்?" என்றார். வாத்தியார் கேட்கிற கேள்வியாக இல்லை அது.

எழிலரசி ஜாடியைப் பிடித்திருந்த அவர் கைகளைப் பார்த்தாள்.

"ரெண்டு கையாலயும் சார்."