ஐந்தாம் ஆளுக்கு ஒரு கோள்

முதல் அநியாயம் சட்டையில் நடந்தது. கொற்கைக் கூடைப்பந்துக் கழகத்தில் முதல் ஐந்து பேரில் நால்வருக்குப் புதுச் சட்டை தைத்தார்கள். இன்னாசி கர்வாலோவுக்கு மட்டும், போன வருஷம் விலகிப்போனவனின் சட்டையைத் துவைத்துக் கொடுத்தார்கள். இரண்டாவது, படத்தில். சென்னை அணியை அதன் ஊரிலேயே ஜெயித்த மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தில் அவனுடைய முழங்கை மட்டும் இருந்தது. மூன்றாவது, வண்டியில். ஊர்வல ஜீப்பில் இடமில்லை என்று அவனைப் பின்னால் நடக்கவிட்டார்கள்.

நான்காவது ஒலிபெருக்கியில் நடந்தது. அதைச் செய்தவர் கோமதிநாயகம்.

வரிசையைக் குழப்பக் கூடாது. வரிசை குழம்பினால் அநியாயமெல்லாம் தலைவிதி என்று பெயர் மாறிவிடும். இதையும் தொழிற்சங்கத்துக்காக ஆலை வாசல்களில் முப்பது வருஷம் தொண்டை கிழியச் சொன்னவர் அதே கோமதிநாயகம்தான்.

அந்தத் தொண்டைக்காகத்தான் கழகம் அவரை அறிவிப்பாளராக வைத்தது. ஆட்டம் அவருக்குத் தெரியாது. பயிற்சியாளர் தில்லைநாயகியிடம் போய், கற்றுக்கொடுங்கள் என்றார். அவளுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் அவர் அவளை மாஸ்டர் என்றே அழைத்தார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

அவர் படித்ததெல்லாம் எட்டுப் பக்கத் துண்டு நூல்கள். அவற்றில் ஒன்று சூரியக் குடும்பத்தைப் பற்றியது. கூடைப்பந்தோடு சேர்த்து மக்களுக்கு வானத்தையும் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று அவருக்கு ஆசை. கேப்டன் மலை மாதிரி ஆள், ஆகவே வியாழன். பந்தோடு ஓடுகிறவன் புதன். தூரத்திலிருந்து கூடையில் போட்டுப் பளிச்சென்று சிரிக்கிறவன் வெள்ளி. எடுத்ததற்கெல்லாம் முகம் சிவக்கிறவன் செவ்வாய். இன்னாசி இரண்டு கைகளையும் விரித்து நின்றால் யாரும் கிட்டே நெருங்க முடியாது. வளையம் போட்ட கோள் அல்லவா அது. மைக்கில் அவர் சொன்னார், சனி என்று.

வளையத்தின் அழகையும் விளக்கினார். அவ்வளவு பெரிய கோள், தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்றும் சொன்னார். ஜனங்கள் முதல் வார்த்தையோடு கேட்பதை நிறுத்தியிருந்தார்கள்.

அடுத்த ஆட்டத்தில் அணி தோற்றது. அதற்கடுத்ததிலும் தோற்றது. இன்னாசி களத்தில் இறங்கினாலே காலரியிலிருந்து "ஏழரை வாரான், ஏழரை வாரான்" என்று குரல் வந்தது. யாரோ கூடைக் கம்பத்தடியில் எள் விளக்கு ஏற்றிவிட்டுப் போனார்கள். இன்னாசி அதைத் தாண்டி வந்து கோமதிநாயகத்திடம், "எங்க வீட்ல யாருக்கும் ஜாதகமே எழுதுறதில்ல அண்ணாச்சி. எனக்கு எந்த வழியா ஏழரை வந்துச்சு?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

கடைசி லீக் ஆட்டத்துக்கு முந்தின நாள் கழக முதலாளியின் உத்தரவு வந்தது: இன்னாசி வெளியே உட்காரட்டும். உட்கார்ந்தால் அடுத்த வருஷ ஒப்பந்தம் கிடையாது, மணப்பாட்டுக்குத் திரும்பிப் போய் வலை இழுக்க வேண்டியதுதான்.

மறுநாள் காலைப் பயிற்சிக்குக் கோமதிநாயகம் ஓடினார். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

"மாஸ்டர், அவனுக்குக் கோளை மாத்திருவோம். நெப்டியூன். கடல்காரப் பையன், பொருந்தும். நம்ம ஆளுங்க யாரும் நெப்டியூனுக்குப் பரிகாரம் பண்ண மாட்டாங்க. இல்ல, வேற எது பொருந்தும், சொல்லுங்க."

தில்லைநாயகி கையிலிருந்த பந்தை அவரிடம் கொடுத்தாள்.

"பிடிச்சுக்கிட்டு உக்காருங்க அண்ணாச்சி."

பிறகு பத்துப் பேரையும் இரண்டு அணியாகப் பிரித்து, பந்து இல்லாமல் ஆடச் சொன்னாள்.

பையன்கள் சிரித்தார்கள். வெள்ளி, இல்லாத பந்தை எறிந்து, அது கூடையில் விழுந்துவிட்டதாகக் கையைத் தூக்கினான். எதிரே நின்றவன், அது வெளியே போயிற்று என்று வழக்குப் பேசினான். செவ்வாய்க்கு அதற்கும் கோபம் வந்தது. புதன் கொஞ்சம் ஓடினான், எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல் நின்றான். கேப்டன் வானத்தைப் பார்த்தார்.

இன்னாசி ஆடினான். ஓடிப்போய் எதிராளி ஒருவனின் வழியை மறித்து நின்றான். திரும்பினான். பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, முதுகுக்குப் பின்னால் ஆள் வருகிறானா என்று தடவிக்கொண்டான். "கேப்டன், இடது பக்கம் ஆளு" என்றான். கேப்டனும் இடது பக்கம் நகர்ந்தார். அவன் மறித்த இடத்தில் கிடைத்த சந்தில் புதன் மறுபடி ஓடினான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. காலணிகள் தரையில் கிறீச்சிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் நிற்கிற இடத்தை வைத்து மற்ற நாலு பேரும் வளைந்து வளைந்து போனார்கள். அப்படிப் போகிறோம் என்று அவர்களுக்கே தெரிந்த மாதிரி இல்லை.

கோமதிநாயகம் பந்தை மடியிலிருந்து நழுவவிட்டு எழுந்தார்.

"மாஸ்டர், தப்பு பண்ணிட்டேன். அவன் கோளே இல்ல. அவன்தான் சூரியன். இன்னைக்கே மைக்கில் சொல்லிருதேன்."

உருண்டு வந்த பந்தை அவள் காலால் நிறுத்தினாள்.

"சொல்லுங்க. ஒரு ஆட்டம் தோத்தா கிரகணம்பாங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். பகல் முழுக்க அவருக்கு அதுவே ஓடிக்கொண்டிருந்தது. பூமியா? பூமி என்றால் எல்லாரும் மிதிப்பார்கள். யுரேனஸ் என்றால் வாயில் நுழையாது. நிலா என்றால் அது அவனை இன்னொருவனுக்குச் சிப்பந்தி ஆக்குவது. வானம் அவ்வளவு பெரிதாக இருந்தும் அவனுக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

சாயங்காலம் காலரி நிரம்பியிருந்தது. அந்தப் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு நடுவர்கள், எதிரணிப் பயிற்சியாளர், புள்ளி குறிக்கும் மேசைக்காரர்கள் ஆகியோர் முன்னிலையில் முதல் ஐவரின் பெயரையும் அறிவிப்பாளர் வாசிக்க வேண்டும். வாசித்த பெயரை, காயம் பட்டாலொழிய, ஆட்டம் தொடங்கப் பந்து எழும்பும் வரை முதலாளியாலும் மாற்ற முடியாது.

முதலாளியின் மேலாளர் வந்து தில்லைநாயகியின் காதருகே குனிந்து, ஐயா பார்த்துக்கொண்டிருக்கிறார், உங்கள் வேலையையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் தலையை ஆட்டினாள். சம்மதம் என்று நினைத்துக்கொண்டு அவர் நாற்காலிக்குப் போனார்.

அவள் ஐந்து பெயர்களை எழுதி, கையெழுத்திட்டு, கோமதிநாயகத்திடம் நீட்டினாள். முதல் பெயரே இன்னாசி.

அவர் மைக்கைக் கையால் மூடினார்.

"மாஸ்டர், பேருக்குப் பின்னால என்ன சேர்க்கட்டும்?"

"பேரைச் சொல்லுங்க அண்ணாச்சி. சொல்லிட்டு நிறுத்த முடியுதான்னு பாருங்க."

அவர் எழுந்து நின்றார். நடுவர்கள் நிமிர்ந்தார்கள். எதிரணிப் பயிற்சியாளர் பேனாவை மூடினார். காலரி, கோளின் பெயருக்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

"இன்னாசி கர்வாலோ."

முப்பது வருஷம் பேசிய வாய் அந்தப் பெயருக்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.