கம்பியில் போன ராக்கெட்

பழைய படங்களின் கீறலையும் அழுக்கையும் நீக்கிப் புதுப்பிப்பதில் ரெஜினா பெரிய கை. வடபழனியில் அவளிடம் தொழில் பழகியவன் திருமாறன். எதைப் பிடித்தாலும் உடும்புப் பிடி.

"இதைத் தனியா முடி. தேறிட்டா அடுத்த படம் உன் பொறுப்பு" என்று அவள் கொடுத்தது, மனிதர்கள் நிலவுக்குப் போகும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் தகர ராக்கெட் கிளம்பும்போது, அதைத் தூக்கும் கம்பி பளிச்சென்று தெரிந்தது.

திருமாறனுக்குத் தன் மானமே போனது போலிருந்தது. பிரேம் பிரேமாக உட்கார்ந்து கம்பியை அழித்தான்.

ரெஜினா பார்த்தாள்.

"ராக்கெட் ஏன் நடுங்குது?"

நடுக்கத்தை நிறுத்தினான்.

"புகை ஏன் பக்கவாட்டுல போகுது?"

புகையையும் ஒழுங்காக்கினான். சோறு தண்ணி மறந்து ஒரு மாதம் மல்லுக்கட்டினான்.

"இப்போ ஒரு குறை சொல்லுங்கக்கா பார்ப்போம்."

"ஒண்ணுமில்லை. சாப்பாட்டு நேரத்துல போடு."

அங்கே அது வழக்கம். வேலை முடிந்த படத்தை முதலில் கேன்டீனில்தான் ஓட்டுவார்கள். பக்கத்து ஸ்டுடியோ லைட்மேன்களும் டிரைவர்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராக்கெட் வழுக்கிக்கொண்டு மேலே போனது. ஒருவர் ரசம் கேட்டார். இன்னொருவர் போனை எடுத்தார்.

"பழசைப் போடு" என்றாள் ரெஜினா.

கம்பியைப் பார்த்ததும் எல்லோரும் சிரித்தார்கள். ராக்கெட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சிரிப்பு நின்றது. "டேய், பிடிடா பிடிடா!" என்று ஒரு லைட்மேன் எழுந்தே விட்டார். சாம்பார் வாளியோடு வந்தவர் நின்ற இடத்திலேயே நின்றார். தட்டுத்தடுமாறி அது மேகத்துக்குள் நுழைந்ததும் எச்சில் கையோடு தட்டினார்கள்.

திருமாறன் ரெஜினாவின் எதிரில் வந்து நின்றான்.

"என்னோடது ஒழுங்காத்தானேக்கா போகுது?"

"ஒழுங்காப் போகுது. போய்ச் சேருமான்னு ஒருத்தருக்கும் கவலை இல்லை."

"இதுல கம்பி தெரியுதே! பொய்னு பச்சையாத் தெரியுதே! அதை அழிச்சதுக்கா நான் தேறலைங்கறீங்க?"

ரெஜினா தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தக் கம்பி அறுந்துடக் கூடாதேன்னுதான் இத்தனை பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நீ ஒரு மாசம் உட்கார்ந்து அதை அறுத்துட்டே."