பச்சையாக நின்ற பாத்திகள்

காலை பத்தரை மணி. நானூறு சோளப் பாத்திகள். அவற்றின் மேல் ட்ரோனைப் பறக்கவிட்டவர் இசக்கித்துரை.

கரிசல் காட்டுப் பண்ணை ஒன்றில் அவர் ஆராய்ச்சி மாணவர். அவருடைய நெறியாளர் முனைவர் எஸ்தர் கனகம். வறட்சியிலும் விளையும் ஒரு சோளத்துக்காகப் பதினெட்டு ஆண்டுகளாக ரகங்களைக் கலந்து விதைத்து வருபவர். ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதங்கள்தான். சென்ற கோடையில் குளிர்பதன அறை பழுதாகி, சேமித்த விதையெல்லாம் வீணாகிவிட்டது. வயலில் நின்றதுதான் மொத்தம்.

தண்ணீரை நிறுத்திய பிறகும் எந்தப் பாத்தி பச்சையாக நிற்கிறது என்று ட்ரோன் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் இருவரும் பேசி வைத்திருந்தது. தேறாத பாத்திகளை அறுத்து மாட்டுக்குப் போடுவது பண்ணை வழக்கம்.

அந்த வாரம் எஸ்தர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் திரும்புவதற்குள் வேலையை முடித்துவிட இசக்கித்துரைக்கு ஆசை. அறையில் இருந்தபடியே, படத்தில் மஞ்சளாகத் தெரிந்த பாத்திகளைக் குறித்து, அறுக்கச் சொல்லிப் பண்ணை மேஸ்திரிக்கு அனுப்பினார். கதிரோடேயா அறுக்கணும் என்று மேஸ்திரி போனில் கேட்டார். கதிரோடேதான் என்றார் இவர்.

எஸ்தர் கையில் ஒட்டிய பிளாஸ்திரியோடு நேரே வயலுக்கு வந்தார். ட்ரோன் கணக்கில் முதலிடம் எந்தப் பாத்திக்கு என்று கேட்டார். இசக்கித்துரை காட்டினார். அறுவடைக்கு வந்த சோளம், முந்தாநாள் மழை குடித்ததுபோல நின்றது.

எஸ்தர் ஒரு முறம் கொண்டுவரச் சொன்னார்.

“நாலு கதிரை ஒடிங்க ட்ரோன் பைலட். கசக்கி இதுல போடுங்க.”

போட்டார். எஸ்தர் புடைத்தார். உமி பறந்தது. முறத்தில் ஒன்றும் தங்கவில்லை.

அடுத்தடுத்த பச்சைப் பாத்திகளும் அப்படியே. பூத்த நேரத்து வெயிலில் மணி பிடிக்காமல் போன கதிர்கள். மணிக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் இலையிலேயே தங்கி, அதைப் பச்சையாக வைத்திருந்தது.

“மஞ்சப் பாத்தியில ஒரு கதிர் கொண்டாங்க.”

 இசக்கித்துரை சொன்னார்.

“அறுத்தாச்சு மேடம்.”

மாட்டுக்கொட்டகைக்கு நடந்தார்கள். கொட்டகைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தார்.

“இப்படித் தீனி தினமும் அனுப்புங்க சார். கதிரு பூரா மணி. தொட்டியை நக்கி வச்சிருக்கு பாருங்க.”

எஸ்தர் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து, மூலைகளில் விரலை விட்டுத் துழாவினார். கடைசித் தொட்டி வரை போய்விட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் இசக்கித்துரை கேட்டார்.

“ட்ரோன் பொய் சொல்லிருச்சா மேடம்?”

“இல்லையே. எது பச்சையா இருக்குன்னு கேட்டோம். சரியாத்தான் சொல்லிருக்கு.”



2022 மே 31 அன்று முனைவர் எஸ்தர் கனகம் ஓய்வு பெற்றார். அவர் உருவாக்கிய ரகம் என்று எதுவும் வெளியாகவில்லை.