வாசற்காவலரின் வாள்

உளி பிடித்தறியாதவர்கள் கல்தச்சரின் கருவிகளை மார்பில் அணிந்துகொள்ளும் சபை அது. ஃப்ரீமேசன் சபை என்பார்கள். தலைவர் அணிவது மூலைமட்டம். அவருக்கு அடுத்தவர் ரசமட்டம், மூன்றாமவர் தூக்குக்குண்டு. மூடிய கதவுக்கு வெளியே நிற்கும் காவலருக்கு மட்டும் உருவிய வாள்.

ஆண், பெண் இருபாலருக்கும் அங்கே இடமுண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி தெய்வசிகாமணி அன்று மாலை தலைவராகப் பதவியேற்க வேண்டும். உள்ளே எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ வராந்தாவிலேயே நின்றார்.

கதவருகே வாளுடன் நின்றவர் வேதநாயகி. கணிதப் பேராசிரியை. நீதிபதியைவிட வயதில் இளையவர், சபையின் முன்னாள் தலைவர். நீதிபதிக்கு ஒவ்வொரு கருவியின் பொருளையும் சொல்லித் தந்த ஆசான்.

“நீங்கள் உள்ளே வந்து என் வலப்பக்கம் அமராவிட்டால் நான் பதவியேற்கப் போவதில்லை.”

“தீர்ப்பா?”

“தீர்ப்புதான்.”

“மேல்முறையீடு உண்டா, ஜட்ஜ் ஐயா?”

தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. “இங்கே எல்லோரும் ஒரே மட்டம் என்று ரசமட்டத்தைக் காட்டிச் சொன்னீர்கள் அம்மா. ஓராண்டு அதை நெஞ்சில் சுமந்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வாட்ச்மேன் போல வெளியே நிற்க, நான் நாற்காலியில் அமர்வது எந்த மட்டம்?”

“போல என்ன? வாட்ச்மேன்தான்.”

“மற்ற கருவிகள் கல்லை நேராக்கும், சுவரை நிமிர்த்தும். இந்த வாள் எந்தக் கட்டடத்தை எழுப்பியது?”

புதிதாகச் சேர்பவர்களுக்குக் காட்டும் முரட்டுக் கல் ஒன்று வராந்தாவின் ஓரத்தில் கிடந்தது. பக்கத்தில் சுத்தியலும் உளியும் இருந்தன.

“அந்தக் கல்லில் ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் பெயர்த்துவிடுங்கள்.”

“இப்போதா? பட்டு வேட்டியோடா?”

“மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள்.”

நீதிபதி குந்தி அமர்ந்தார். முதல் அடி வழுக்கியது. அடுத்த அடியில் கட்டைவிரல் மயிரிழையில் தப்பியது. பிறகு உளி கைக்குப் பிடிபட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். துருத்தல் பெயர்ந்து விழுந்ததும் வழக்கில் வென்ற இளம் வக்கீலைப் போல நிமிர்ந்தார்.

மூக்குக்கு நேரே ஒரு சாம்பார்ப் பாத்திரம்.

“கேட்டரிங் சார். எவ்ளோ நேரமா சார் சார்னு கத்துறது? சாப்பாட்டு ஹால் எந்தப் பக்கம்? அந்தம்மா என்னைக் கதவுகிட்டயே விடமாட்டேங்கிறாங்க!”

வேதநாயகி பின்வாசலுக்கு வழி சொல்லி அவரை அனுப்பினார். நின்ற இடத்தைவிட்டு ஓரடி நகரவில்லை.

“இவர் வந்தது எனக்குத் தெரியவே இல்லை,” என்றார் தெய்வசிகாமணி.

“தெரிந்திருந்தால் கல் பெயர்ந்திருக்காது. பேராலயங்களை எழுப்பிய பழைய கொத்தர்களும் அப்படித்தான் என்று இங்கே சொல்வார்கள். இரண்டு கையும் கல்லில் இருக்கும். கண்ணும் கல்லில் இருக்கும். கருவி எதுவும் ஏந்தாத ஒருவர் வாசலில் வேண்டியிருந்தது.”

“வேறு யாராவது நிற்கட்டும். தலைவராக இருந்த உங்களை இங்கே நிறுத்தியது யார்?”

“யாரும் நிறுத்தவில்லை. கேட்டு வாங்கினேன்.” வேதநாயகியின் முகவாய் சற்றே உயர்ந்தது. “அந்த நாற்காலியில் இருந்த ஆண்டு முழுவதும் நான் கதவைத் திரும்பிப் பார்த்ததேயில்லை. வெளியே நின்றது யார் தெரியுமா?”

“யார்?”

“எனக்குக் கற்றுக்கொடுத்தவர்.”

தெய்வசிகாமணி வேட்டியை இறக்கிவிட்டார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த கல்தூளைத் தட்டிவிட எண்ணியவர், பிறகு தட்டவில்லை.

“உள்ளே போங்கள், தலைவரே,” என்றார் வேதநாயகி. அப்படி அவரை அழைத்தது அதுவே முதல்முறை. “கதவைப் பார்க்காதீர்கள்.”