டெலியாவுக்காக ஒரு டாங்கோ

மரத்தரையில் டெலியாவின் காலணி உரசும் ஒலி. அன்செல்மோ அதை முதன்முதலில் கேட்டு இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"அம்மா, அந்த ஒலியை ஒரு டாங்கோவுக்குள் வைக்க முடியுமா?"

லியோனோர் பியானோவிலிருந்து தலை தூக்கினார். புவனோஸ் ஐரிஸில் ஒரு டாங்கோ இசைக்குழுவை நடத்துபவர். தம்மைவிட மூத்த அன்செல்மோவுக்கு மெட்டமைக்கக் கற்றுக்கொடுத்தவர்.

"எதற்கு?"

"டெலியா ஞாயிறு நடனத்துக்கு வந்துவிட்டு அப்படியே கப்பலேறப் போகிறாள். மொண்டேவிடியோவில் அக்கா வீடு. திரும்பி வருவதாக இல்லை."

"போகாதே என்று மனைவியிடம் சொல்லத் துணைக்கு ஒரு டாங்கோ வேண்டுமா?"

"நான் வாசிக்க மேடையேறிய பிறகு நாங்கள் சேர்ந்து ஆடியதே இல்லை. ஒன்பது வருடம். இப்போது சொன்னால் சிரிப்பாள்."

"சிரித்தால் நல்லதுதானே?"



வெள்ளிக்கிழமை அன்செல்மோ மெட்டோடு வந்தார். பாண்டோனியன் என்ற துருத்தி வாத்தியத்தை மடியில் வைத்தார். துருத்தி விரிந்தது. கண்கள் மூடின.

முடிந்ததும் லியோனோர் சொன்னார்:

"ஒரு சுரத்தையும் மாற்ற வேண்டாம். கண்ணைத் திறந்து வாசியுங்கள்."

"திறந்தால் விரல் தடுமாறும்."

"தடுமாறட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அன்செல்மோ நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை நடன மன்றம் நிறைந்திருந்தது.

அங்கே யாரும் யாரையும் வாய்விட்டு ஆட அழைப்பதில்லை. ஒரு பெண் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒருவரைப் பார்ப்பாள். அவர் தலையசைத்தால் எழுவாள். இல்லையென்றால் பார்வையை விலக்கிக்கொள்வாள்.

அன்செல்மோ வாசித்தார். பாதிக்குள் காலடிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று கேட்டார்கள். கடைசிச் சுரத்துக்குப் பின் கைதட்டல் வெகுநேரம் அடங்கவில்லை.

கண் திறந்தபோது டெலியாவின் நாற்காலி காலியாக இருந்தது.

"மன்றமே நின்று கேட்டதே, அம்மா. அவள் காதில் விழவில்லையா?"

"விழுந்தது. முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்."

அன்செல்மோ துருத்தியின் வார்களை மாட்டினார். ஒன்று மாட்டவில்லை. மறுபடி முயன்றார்.

"வாசிக்கும்போது பாதியில் எப்படி இறங்கிப் போவது?"

"மீதியை நான் பியானோவில் முடித்திருப்பேன்."

அவர் துறைமுகத்துக்கு ஓடினார். கப்பல் போயிருந்தது.

டெலியா மொண்டேவிடியோவில் ஒரு தொப்பிக் கடையில் வேலை பார்த்தார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அங்கேயே இறந்தார்.