பத்து மடங்கு உப்பளம்

மணற்றுறை ராஜா செங்கோடவர்மருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, 'மடங்கு' என்கிற சொல். மும்மடங்கு, பத்து மடங்கு என்று யாராவது ஆரம்பித்தால் போதும், மீசை தானாக மேலே ஏறும். இன்னொன்று, கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கவே மாட்டார். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் நாடு என்ன பாடு படும், நீங்களே சொல்லுங்கள்!

அந்தத் துறைமுகத்தில் அரண்மனைப் பண்டசாலை ஒன்று இருந்தது. உள்ளே மிளகு, ஏலம், முத்து, பட்டு, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். அத்தனைக்கும் சேர்த்துப் பங்கோலை எழுதி ஜனங்களுக்கு விற்றிருந்தார்கள். ஓர் ஓலை வாங்கினால் எல்லாச் சரக்கிலும் ஒரு துளி உங்களுடையது. வேண்டாமென்றால் கடைத்தெருவில் அன்றைய விலைக்குத் தள்ளிவிட்டுப் போகலாம். அந்த வருஷம் பார்த்து மிளகும் விழுந்தது, பட்டும் விழுந்தது. ஓலையின் விலை ஒரு பணத்துக்கு வந்து நின்றது. சீந்த ஆளில்லை.

ஒருநாள் சபையில் கருவூலத் தலைவர் திருமேனியார் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"அரசே! நேற்று ஓர் ஓலை ஒரு பணம். இன்று அதே கடைத்தெருவில் பத்துப் பணம். பத்து மடங்கு!"

ராஜாவின் மீசை ஏறிவிட்டது. "பலே! உமக்கும் பத்து மடங்குதான் பரிசு. எதில் வேண்டும், கேளும்!"

"அடியேனுக்குக் கடற்கரையில் ஓர் உப்புப் பாத்தி இருக்கிறது. அந்த ஒன்று பத்தாக வேண்டும். அவ்வளவுதான்."

"ஆகட்டும். தந்தோம்!"

விகடகவி குழைக்காதன் சட்டென்று எழுந்தான். திருமேனியாரின் பாத்தியை ஒட்டி வரிசையாக ஒன்பது பாத்திகள், ஒன்பது குடும்பங்களுக்குச் சோறு போடுபவை. மனுஷன் கண் வைத்திருப்பது அவற்றின்மேல்தான். அடப்பாவி, சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கிறானே என்று குழைக்காதனுக்குக் கோபம் பொங்கியது.

"அரசே, ஓலை எப்படி ஏறியதென்று..." என்று இழுத்தான்.

"வாக்குக் கொடுத்தாயிற்று. நீ உட்கார்," என்றார் ராஜா.

அதற்குள் வாசலில் ஒரே கூச்சல். காவலரை விலக்கிக்கொண்டு உப்புக்காரி பூவாச்சி உள்ளே வந்தாள். அந்த ஒன்பதில் ஒரு பாத்தி அவளுடையது. ஆனால் அது பறிபோகிற விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது. அவள் வந்தது வேறு வழக்குக்கு.

"மகாராசா! எங்கிட்ட பதின்மூணு ஓலை இருந்துச்சு. இன்னிக்குப் பண்டசாலையில அத்தனையும் வாங்கிக்கிட்டு, ஒத்தை ஓலையையும் மூணு பணத்தையும் கையில குடுத்து அனுப்பிட்டாங்க. எம் பன்னிரண்டு ஓலை எங்க?"

ராஜா முழித்தார். குழைக்காதன் விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். "அந்த ஒத்தை ஓலை என்ன விலைக்குப் போகுது, ஆச்சி?"

"பத்துப் பணமாம்."

"மூன்று பணம் ரொக்கம். ஆக மொத்தம்?"

"பதின்மூணு."

"நேற்று பதின்மூன்று ஓலைக்கும் சேர்த்து?"

"ஓலைக்கு ஒரு பணம். பதின்மூணுதான்." பூவாச்சி மூக்கில் விரலை வைத்தாள். "அடியாத்தீ! அப்ப எம் பணம் எங்கயும் போகல. ஆனா ஏறவும் இல்லையே!"

ராஜா மெல்லத் திரும்பினார். "திருமேனியாரே, பத்து ஓலையைச் சேர்த்து ஒன்றாக எழுதினீரா?"

"ஒரு பணத்துக்கு விற்கிற ஓலையை எவன் மதிப்பான், அரசே? சேர்த்து எழுதினேன். பத்துக்குக் குறைந்த மிச்சத்துக்கு ரொக்கம் கொடுத்தேன். இது குற்றமா?"

"குற்றமே இல்லை," என்றான் குழைக்காதன். "லாபமும் இல்லை. பண்டசாலையில் நேற்றிருந்த மிளகுதானே இன்றும் இருக்கிறது?"

ராஜாவின் மீசை தொங்கிப்போனது. "ஏமாந்துவிட்டேனே! ஆனாலும் வாக்கு வாக்குதானே? அவருடைய ஒரு பாத்தி பத்தாக வேண்டுமே!"

"ஆகும், அரசே. யாரிடமும் ஒரு சாண் நிலம் பிடுங்காமல் சாயங்காலத்துக்குள் ஆக்கிவிடுகிறேன்."

"எப்படி? கூறு!"

"அதேதான், அரசே. கூறு!"

ராஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பித்துப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார். குழைக்காதன் நாலு மண்வெட்டிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் பரிவாரத்தோடு எல்லோரும் உப்பளத்துக்குப் போனார்கள். திருமேனியார்தான் முன்னால் ஓடினார். போய்ப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய பாத்திக்குள்ளேயே, குறுக்கே ஒன்பது வரப்பு போட்டிருந்தது!

"எண்ணிக்கொள்ளும் ஐயா," என்றான் குழைக்காதன். "காலையில் ஒன்று. இப்போது பத்து. ராஜா வாக்குத் தவறவில்லை."

திருமேனியாருக்கு முகம் சிவந்தது. "என்ன விளையாட்டு இது? வரப்புப் போட்டுக் கூறாக்கினால் உப்பு கூடிவிடுமா? இருந்த இடம் அப்படியே இருக்கிறது. விளைகிற உப்பும் அதே உப்பு! எண்ணிக்கையைக் காட்டி யாரை ஏமாற்றப் பார்க்கிறாய்?"

குழைக்காதன் கைகட்டி ராஜாவைப் பார்த்தான். "அரசே, காலையில் நான் சொல்ல வந்ததை நீர் கேட்கவில்லை. இப்போது தலைவரே என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்."

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். தன் தோளில் கிடந்த பட்டை எடுத்துக் குழைக்காதனுக்குப் போர்த்தினார். "திருமேனியாரே, பரிசு சரிபார்த்துக்கொண்டீரா? இல்லை, இன்னும் பத்து வரப்பு போடச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் அரசே!"

அப்போது கூட்டத்திலிருந்து பூவாச்சி முன்னால் வந்தாள். இடுப்பில் கை வைத்து, புதுப் பாத்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"தலைவரே, இதுல ஒரு பாத்தி என்ன விலை சொல்றீக? முழுசா இருந்தப்ப நாங்க கிட்ட வந்து விலை கேக்க முடியுமா? இப்பத்தான் எங்க கைக்கு எட்டுற அளவுக்குச் சின்னதா வெட்டி வச்சிருக்கீகளே!"