நரி கொட்டிய முதல் "ம்"

அந்தக் காலத்தில், நரியும் நண்டும்கூட மனிதரோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, கதை கேட்பவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அதுதான் மரியாதை என்று நினைப்பு. பிள்ளை விழித்திருக்கிறதா, தூங்கிவிட்டதா என்று சொல்கிறவருக்குத் தெரியாது. பாதிக் கதையைச் சுவர்தான் கேட்கும்.

காட்டோரக் குடிசை ஒன்றில் காளியப்பனும் அவர் மகள் மருதாயியும் இருந்தார்கள். மருதாயி உயிராய் வளர்த்த புள்ளிக்கோழி, வாசலில் பஞ்சாரக் கூடைக்குள் அடைகாத்துக்கொண்டிருந்தது. ஊர்க் கோழிகளையெல்லாம் தின்று தீர்த்த நரி, அன்று சாயங்காலம் வேலியோரம் வந்து வெட்கமே இல்லாமல் சொல்லிவிட்டுப் போனது.

"மருதாயி, உங்க வீட்டுல பேச்சுச் சத்தம் எப்ப நிக்குதோ, அப்ப உன் கோழி எனக்கு!"

படுத்தும் மருதாயிக்குத் தூக்கம் வரவில்லை. "பேசிக்கிட்டே இருங்கப்பா, நிறுத்தினா அது வந்துரும்" என்று அழுதாள். காளியப்பனோ பகலெல்லாம் களை வெட்டியவர். கண் சொக்கியது. ஆனாலும் மகள் அழுதால் பொறுக்குமா?

"அழுவாத கண்ணு. அந்தத் திருட்டுப்பயலோட கல்யாணக் கதையே சொல்றேன். கழுத பாட, தவள மத்தளம் கொட்ட, மாப்பிள்ள நரி மணவறையில உக்காந்துச்சாம். தலப்பாவுக்குள்ள பூரா செவ்வெறும்பு! சொறிஞ்சா மானம் போயிரும், சொறியலைன்னா உயிர் போயிரும்..."

மருதாயி அழுகையை மறந்து சிரித்தாள். வெளியே வேலிக்குப் பின்னால் பதுங்கியிருந்த நரி, 'நானா இப்படி?' என்று பல்லைக் கடித்தது. கடித்துக்கொண்டே தன் தலையையும் சொறிந்துகொண்டது.

"பொண்ணு எப்படின்னா, நல்ல கறுப்பு. உருண்ட உடம்பு. வாய்தான் கொஞ்சம் பெரிசு. திரைய வெலக்கிப் பாத்தா, பொண்ணு யாரு..."

அவ்வளவுதான். காளியப்பன் குறட்டை விட்டார்.

நரி காத்திருந்த நேரம் இதுதான். ஒரே பாய்ச்சலில் கோழி போயிருக்கும். ஆனால் கதை பாதியில் நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"ம்... யாரு?" என்றது நரி.

மருதாயி சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். தான் வாய் திறக்கவில்லை. அப்பா தூங்குகிறார். அலறினால் நரி கோழியைக் கவ்விக்கொண்டு ஓடிவிடும். அப்பாவின் வாயைப் பொத்தி, தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். விழித்தவருக்கு அடுப்படியிலிருந்த கரிப்பானையைக் கையால் காட்டினாள். பிறகு ஒன்றும் நடக்காதது போலக் கதையைத் தொடர்ந்தாள்.

"பொண்ணுக்கு ரொம்ப வெக்கமாம்."

"ம்."

"பேரச் சத்தமாச் சொன்னா ஓடிருமாம்."

"ம்... ம்..." குரல் கோழிக்கூடையைத் தாண்டி, குடிசையின் படல் கதவுக்கு அருகில் வந்துவிட்டது.

"அப்ப தலைய உள்ள நீட்டு. காதோட சொல்றேன்."

நரி படலின் சந்தில் தலையை நுழைத்தது. காளியப்பன் பானையை அதன் தலையில் கவிழ்த்து அழுத்தினார்.

"இந்தா, இதுதான் பொண்ணு! கூட்டிக்கிட்டுப் போ!" என்று கத்தினாள் மருதாயி.

நரி பானையோடு ஓடியது. வேப்பமரத்தில் முட்டியது, பனைமரத்தில் முட்டியது. அந்தச் சத்தத்தில் ஊரே எழுந்து வந்து, மாப்பிள்ளை ஊர்வலத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தது. மருதாயியை அப்பா தோளில் தூக்கிவைத்து ஆடினார். புள்ளிக்கோழி கூடைக்குள்ளிருந்து கொக்கரித்தது. கூடையில் ஒரு முட்டைகூடக் குறையவில்லை.

மறுநாள் படுத்ததும் காளியப்பன் சொன்னார்: "கண்ணு, இனிமே நீ 'ம்' கொட்டு. நின்னுச்சுன்னா, நீ தூங்கிட்டேன்னு தெரிஞ்சுக்குவேன். வெளியே கேட்டுச்சுன்னா, பானைய எடுத்துக்குவேன்."

அன்றிலிருந்துதான் கதை கேட்கிற பிள்ளைகளெல்லாம் "ம்" கொட்டுகிறார்கள். நரி மட்டும், வாயை மூடினால் "ம்" வந்துவிடுமோ என்று பயந்து, தூரத்தில் நின்று வாயைத் திறந்தபடியே "ஊ" என்று ஊளையிடுகிறது.